உறவினர் வெளியே இருக்கவும்

திண்டுக்கல்
11-2-1985

அன்புள்ள சிவனம்மாள்,

வலிப்பு வந்த கர்ப்பிணியை நாம் ஏன் இருட்டறையில் படுக்க வைக்கிறோம்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிரசவம் பார்க்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகு இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உங்கள் குழுவின் வரைவு நகல் வந்து சேர்ந்தது. கர்ப்பகால வலிப்புக்கு இப்போது ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை, டாக்டருக்கு ஒரு முறை என்று நடக்கிறது. அதை ஒழுங்குபடுத்தி, ஒரே சிகிச்சை வழிமுறையாக அச்சடித்து, சங்கத்தில் இருக்கும் எல்லா ஆஸ்பத்திரிகளின் பிரசவ வார்டிலும் மாட்டுவது நல்ல காரியம். மருந்துகளைப் பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. முதல் விதியைப் பற்றித்தான். ‘நோயாளியை இருட்டான, சத்தமில்லாத தனியறையில் வைக்கவும்.’

போன மாதம் வடமதுரைப் பக்கத்திலிருந்து பேச்சாயி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிரசவம். ஊரில் ஜன்னி என்று சொல்லி மந்திரித்துவிட்டு, பிறகு எங்களிடம் வந்தார்கள். ஊசி போட்டதில் வலிப்பு நின்றது. இருட்டறைக்கு மாற்றினோம். உனக்குத் தெரியாது, எங்கள் இருட்டறை என்பது வராந்தாக் கோடியில் உள்ள ஒரு சிறிய அறை. ஜன்னலில் கறுப்புக் கம்பளி தொங்கும். அவள் கணவர் சுருளிவேல் கட்டிலருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உச்சி வெயில் நேரம். வராந்தா வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் எனக்குக் கட்டிலே தெரியவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“நல்லா ஒறங்குறா டாக்டரம்மா. சத்தம் போடாதீங்க” என்றார்.

கண் பழகட்டும் என்று நானும் நின்றேன். பழகிய பிறகும் ஒன்றும் புரியவில்லை. கம்பளியை விலக்கினேன். உதடு நீலமாக இருந்தது. மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்திருக்கிறது, எப்போது என்று தெரியாது. அவர் அப்போதும் கையை விடவில்லை.

வெளிச்சம் இருந்திருந்தால் அவரே பார்த்திருப்பார். அல்லது பார்க்காமலும் இருந்திருக்கலாம். இருட்டு வலிப்பைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று உங்கள் குழு எனக்குச் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அஜீஸுன்னிசா


சென்னை
22-2-1985

அஜீஸ்,

ஹாஸ்டலில் எல்லாரும் குழம்பில் உப்பு சரி என்று சொன்ன பிறகும் நீ ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாய். உன் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. முழங்கால் இருக்கிறது, நடக்கத்தான் மாட்டேன் என்கிறது.

பேச்சாயியைப் பற்றி எழுதியது வருத்தமாக இருந்தது. ஆனால் நீ கேட்பதை நான் குழுவில் எப்படிக் கேட்பது? வலிப்பு வரக்கூடிய பெண்ணுக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது என்பதை நாம் மாணவர்களாக இருந்த காலத்திலிருந்து பார்த்துவருகிறோம். வார்டில் யாரோ கதவைப் படாரென்று சாத்த, அடுத்த நிமிஷம் அந்தப் பெண்ணுக்கு வெட்டி இழுத்ததே, நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

என் மேசையில் ஆறு பெரிய ஆஸ்பத்திரிகளின் வழிமுறைகள் இருக்கின்றன. இரண்டு மாதமாக அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. எந்த மருந்து என்பதில் ஆறும் சண்டை போடுகின்றன. எவ்வளவு கொடுப்பது, எப்போது குழந்தையை எடுப்பது, எல்லாவற்றிலும் சண்டை. முதல் வரியில் மட்டும் ஆறும் ஒரே குரல்: இருட்டறை. எல்லாரும் ஒப்புக்கொண்ட அந்த ஒன்றைத்தான் எடுக்கச் சொல்கிறாய். சந்தேகமாக இருந்தால் நீயே பார். ஆறின் நகலையும் இத்துடன் அனுப்புகிறேன்.

நான் இதைக் குழுவில் வைத்தால், எத்தனை பேர் என்று முதலில் கேட்பார்கள். ஒருத்தி என்பேன். ஒரு மரணத்தை வைத்து ஒரு விதியை மாற்ற முடியாது, அஜீஸ். இதை நீ எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆள்.

இன்னொரு விஷயம். சின்னாளபட்டியில் என் அக்கா ராமுத்தாயின் மகள் மாலதி கர்ப்பமாக இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கியிருக்கிறது. உன்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு இவள் ஒருத்திதான். அப்பா போன பிறகு அக்கா தறியில் உட்கார்ந்ததால்தான் நான் காலேஜில் உட்கார்ந்தேன், அது உனக்குத் தெரியும். அவளுக்கு நான் தும்மினால்கூட அதில் ஏதோ வைத்தியம் இருக்கும் என்று நம்பிக்கை. அதனால் நீ எது சொன்னாலும் என் பெயரைச் சேர்த்துச் சொல், கேட்டுக்கொள்வாள்.

சிவனம்மாள்


திண்டுக்கல்
17-3-1985

அன்புள்ள சிவனம்மாள்,

நீ அனுப்பிய ஆறையும் ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் பரப்பி வைத்து வாசித்தேன். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை கடுதாசியையும் படித்தால் நோயாளியை எப்போது பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறிலும் மூன்றாவது வரியைப் பார்த்தாயா? ‘நோயாளியைக் கனத்த கம்பளிகளால் போர்த்தி, கால்மாட்டில் வெந்நீர்ப் புட்டி வைக்கவும்.’ ஆறிலும் இருக்கிறது. இங்கே இப்போதே வெயில் தாங்கவில்லை. சித்திரையில் ஒரு கர்ப்பிணிக்குக் கனத்த கம்பளி போர்த்த வேண்டும் என்று ஆறு ஆஸ்பத்திரிகள் தனித்தனியே யோசித்து முடிவுக்கு வந்திருக்க முடியாது. குளிர் தேசத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒருவர் எடுத்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இருட்டறையும் அதே வழியில் வந்ததுதான். ஆறு பேர் ஒப்புக்கொண்டதாக நீ எழுதினாய். ஒருவர் சொன்னதை ஐந்து பேர் திருப்பிச் சொன்னார்கள் என்று நான் எழுதுவேன்.

மதுரைக்குப் போய், அது எந்தப் புத்தகம் என்று கல்லூரி நூலகத்தில் தேடி எடுத்தேன். இருட்டறை இருக்கிறது. கம்பளி இருக்கிறது. ஆனால் இருட்டறை என்ற வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘பயிற்சி பெற்ற ஒருவர் மறைப்பு போட்ட விளக்குடன், நோயாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், அருகிலேயே இருக்க வேண்டும்’ என்று தொடர்கிறது. உன் ஆறில் பழையது எதுவோ, அதில் இந்தப் பாதி இருக்கிறது. அடுத்ததில் ‘இயன்றால்’ என்ற சொல் சேர்ந்திருக்கிறது. மற்ற நான்கிலும் அந்தப் பாதியே இல்லை. கம்பளியை ஒருவரும் விடவில்லை. ஆளை விட்டுவிட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். இருட்டு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. பேச்சாயிக்குப் பிறகு ஜன்னல் கம்பளியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதன் பின் வலிப்போடு வந்த சிலரில் ஒருத்திக்கு வெளிச்சத்தில் மறுபடி வலிப்பு வந்தது. வெளிச்சத்தாலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விடுபட்ட பாதியைத் திரும்பச் சேருங்கள், அது போதும்.

ஆளுக்கு எங்கே போவது என்பாய். எங்களுக்குப் பிரசவ வார்டுக்கு இருப்பது அல்போன்சா என்ற ஒரே நர்ஸ். நான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் அவளும் வர வேண்டும். ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லாத நேரம் உண்டு, உறவினர் இல்லாத நேரம் கிடையாது. சுருளிவேல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூக்கருகில் கையை வை, மூச்சுச் சத்தம் மாறினால் கூப்பிடு என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். இதையும் குழுவில் சொல்.

மாலதி வந்தாள். நல்ல பெண், சிரிப்புத்தான் அதிகம். உன் அக்கா உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“எந் தங்கச்சியும் நீங்களும் ஒண்ணாப் படிச்சீகளாமில்ல?”

“ஆமாம்.”

“அது சென்னையில அம்புட்டுப் பெரிய டாக்டரா இருக்கு. நீங்க ஏன் டாக்டரம்மா இங்கனயே கெடக்கீக?”

“அம்மா, செத்த நேரம் சும்மா இரும்மா” என்று மாலதி அவர் தொடையில் கிள்ளினாள்.

இந்த ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை இல்லாமல் எனக்கு உறக்கம் வராது என்றேன். உன் அக்கா அதை நம்பிவிட்டார், பாவம் என்று தலையை ஆட்டினார்.

பிரஷர் கொஞ்சம் கூடுதல். பாதத்தில் லேசான வீக்கம். உப்பைக் குறைத்து, வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறேன். நீ சொன்னபடி உன் பெயரையும் சேர்த்தேன்.

அஜீஸுன்னிசா


சென்னை
12-4-1985

அஜீஸ்,

குழு கூடியது. உன் இரண்டு கடிதங்களையும் நானே வாசித்தேன். இருட்டறை வேண்டாம் என்ற இடத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “திண்டுக்கல்லில் கரண்ட் அவ்வளவு தாராளமாகவா கிடைக்கிறது?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கம்பளியை எடுத்துவிட்டோம். அது உன் வெற்றி. அந்த வரியை வாசித்தபோது ஒருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் நோயாளிக்கு ஓர் ஆள் என்ற வரியைச் சேர்க்க முடியாது. நீ நினைப்பது போல யாரும் அதை மறந்து விட்டுவிடவில்லை. எழுதினால் ஆஸ்பத்திரி ஆள் போட வேண்டும். ஆள் போட முடியாத ஆஸ்பத்திரி தாளையே மாட்டாது. மாட்டினாலும், நாளைக்கு ஒருத்தி செத்தால் அந்த வரியைக் காட்டிக் கேஸ் போடுவார்கள். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுவோம் என்பது தலைவரின் கட்சி. இருட்டுக்குச் செலவில்லை, அஜீஸ். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மருந்துப் பகுதியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சிலவற்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அந்த மருந்துப் பகுதியால் பிழைக்கப் போகிறவர்கள் நிறையப் பேர்.

உன் கடிதம் வீண் போகவில்லை. அந்தக் கணவன் அறைக்குள் இருந்ததும், உறங்குகிறாள், சத்தம் போடாதீர்கள் என்று டாக்டரையே தடுத்ததும் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அவன் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நீ உடனே கம்பளியை விலக்கியிருப்பாய் அல்லவா? எனவே ஐந்தாவது விதி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: ‘உறவினர் எவரும் அறைக்குள் இருக்கக் கூடாது. உறவினர் வெளியே இருக்கவும்.’ ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கருத்துக் கேட்டு அனுப்பியதற்குப் பதில் எழுதாத ஆஸ்பத்திரிகளையும் சம்மதித்தவர்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

தாள் அச்சுக்குப் போகிறது. கீழே குழுவில் உள்ள எல்லாருடைய பெயரும் வரும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாலதிக்கு அப்படி ஏதும் வந்தால், வரக் கூடாது, வந்தால், தாளில் உள்ளபடிதான் செய்வேன் என்று எனக்கு எழுது. உன் சந்தேகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் அக்கா மகளை வைத்து நீ அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம்.

சிவனம்மாள்


திண்டுக்கல்
19-5-1985

சிவனம்மாள்,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு வேலை காரணமில்லை.

பேச்சாயி இறந்த பிறகு சுருளிவேல் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். வராந்தாவில் நின்றபடியே, “நா கொஞ்சம் உசுப்பிப் பாத்திருந்தா முழிச்சிருப்பாளா டாக்டரம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. அந்த மனிதரைக் குற்றவாளியாக்கி நீங்கள் ஒரு விதி செய்திருக்கிறீர்கள். அதற்கு நான் எழுதியதுதான் மூலம். அவரை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன், நீங்கள் வெளியே அனுப்பக் கற்றுக்கொண்டீர்கள். அவருக்கு இது தெரிய வராது என்று நம்புகிறேன்.

அவர் அங்கே இல்லாமல் இருந்தால் நான் உடனே விலக்கியிருப்பேனா என்று கேட்டிருந்தாய். ஒரு நிமிஷம் முன்னால் விலக்கியிருப்பேன். அதற்கும் முன்னால் போன நேரத்துக்கு என்ன செய்வது?

தாள் வந்துவிட்டது. எங்கள் டிரஸ்ட் செயலாளர் ரங்கசாமி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருக்கிறார். இருட்டறை ஜன்னலுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி, அதுவும் ஆகிவிட்டது. நான் ஆட்சேபித்தேன். “சென்னையில பெரிய பெரிய டாக்டருங்க கையெழுத்துப் போட்டது மேடம், நீங்க ஒரு ஆளு வேணாங்கிறீங்க” என்றார். அது சரியான வாதம்தான். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

போன முறை வந்தபோது மாலதி அந்தத் தாளின் முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். “சித்தி பேரு போட்டிருக்கும்மா, பாரு” என்றாள். உன் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்.

பிரஷர் ஏறியிருக்கிறது. சிறுநீரிலும் புரதம் இறங்குகிறது. அடுத்த வாரம் படுக்கையில் சேர்க்கப் போகிறேன். மாலதியின் கணவர் பழனிக்குமார் சம்மதித்துவிட்டார். தறி நின்றுபோனாலும் பரவாயில்லை என்றார்.

நீ கேட்ட வாக்கைப் பற்றி. எங்களுக்குத் தனியறை என்பது அது ஒன்றுதான். தேவைப்பட்டால் மாலதியை அங்கேதான் வைப்பேன். இருட்டையும் உனக்காக வைத்துக்கொள்கிறேன். ஆனால் உன் அக்கா உள்ளேதான் இருப்பார். ஐந்தாவது விதியை நான் மதிக்கப் போவதில்லை. இதற்கு நீ கோபித்தாலும் சரி.

அஜீஸுன்னிசா


சென்னை
27-6-1985

அஜீஸுன்னிசா,

சின்னாளபட்டியில் மாலதியின் காரியத்துக்கு நீ வந்து வாசலில் நின்றதைப் பார்த்தேன். எழுந்து வர முடியவில்லை. உன்னிடம் பேசாமல் ரயிலேறிவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

‘உன் அக்கா உள்ளேதான் இருப்பார்’ என்று எழுதியிருந்தாய். கோபித்தாலும் சரி என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, தெரியுமா? இவள் இப்படித்தான், அக்கா உள்ளே இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன். குழுவில் கை தூக்கிய அதே ஆள்தான் அப்படி நினைத்தேன்.

அக்கா வெளியே இருந்திருக்கிறாள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். மூன்று தரம் கேட்ட பிறகு, நர்ஸம்மா போகச் சொல்லுச்சு என்றாள். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஐந்தாவது விதி கூட்டம் கூடுவதைத் தடுக்க எழுதியது. பெற்ற தாயை விரட்ட எழுதியது அல்ல. அறிவுள்ள ஒரு நர்ஸுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் செயலாளருக்கு எழுதிவிட்டேன். அந்தப் பெண் அங்கே இருக்கக் கூடாது.

குழுவிலும் பேசினேன். எல்லாரும் எழுந்து நின்று துக்கம் தெரிவித்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது விதியை எடுத்துவிடுங்கள் என்றேன். எத்தனை பேர் அம்மா இப்படி, என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். ஒருத்தி என்றேன். ஒரு மரணத்தை வைத்து ஒரு விதியை மாற்ற முடியாதே என்றார். இந்த வாக்கியத்தை நான் எங்கே எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

அக்காவை வெளியே அனுப்பியது அல்போன்சாதானா? உண்மையை எழுது. நீ எதையும் கூட்டி எழுத மாட்டாய். குறைத்தும் எழுதாதே.

சி.


திண்டுக்கல்
4-7-1985

அன்புள்ள சிவனம்மாள்,

நான் உனக்கு முதலில் எழுதிய கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. நீ கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் செயலாளர் அல்போன்சாவை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று நான் போய்ச் சொன்னேன். புகார் கொடுத்தவர் எழுதித் திரும்பப் பெற்றால் பார்க்கலாம் என்கிறார். அதனால் நான் இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலதிக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வலிப்பு வந்தது. தாளில் உள்ள மருந்துகளைத் தாளில் உள்ள அளவிலேயே கொடுத்தேன். அவை வேலை செய்தன, வலிப்பு நின்றது. மருந்துப் பகுதி சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு அதற்கு முன்பே கேட்கவில்லை. அவளை இருட்டறைக்கு மாற்றினோம்.

உன் அக்காவை நான்தான் உள்ளே உட்கார வைத்தேன். அவர் கையைப் பிடித்து மாலதியின் மூக்கருகில் வைத்துக் காட்டினேன். “சூடாக் காத்து வருது” என்றார். அது வந்துகொண்டே இருக்க வேண்டும், மூச்சில் குறட்டை மாதிரிச் சத்தம் மாறினாலோ, காற்று குறைந்தாலோ கத்திக் கூப்பிடுங்கள் என்றேன். சரி என்றார். அவருக்குப் புரிந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்போது பேகம்பூரிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குழந்தை குறுக்கே இருந்தது, உடனே அறுத்து எடுக்க வேண்டிய கேஸ். நானும் அல்போன்சாவும் தியேட்டருக்குள் போனோம். அல்போன்சா முதலிலிருந்து கடைசிவரை என் எதிரில் நின்றாள். அவள் யாரையும் எங்கும் அனுப்பவில்லை. அனுப்ப அவள் அங்கே இல்லை.

நான் வெளியே வந்தபோது இருட்டறைக் கதவு சாத்தியிருந்தது. உன் அக்கா வராந்தாத் தரையில் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் கழற்றிக் கொடுத்த மாலதியின் வளையல்கள் மடியில் இருந்தன. என்னைப் பார்த்ததும் சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்தார்.

“ஏன் வெளியே வந்தீங்க?” என்றேன்.

“எந் தங்கச்சி எழுதிப் போட்டிருக்குல்ல டாக்டரம்மா. சொந்தக்காரங்க உள்ள இருக்கப்படாதுன்னு. மாலதிதான் படிச்சுச் சொன்னா. நீங்க தெரியாம உக்கார வச்சிட்டீக போலன்னு நெனச்சேன். எம் புள்ளைக்கு அது மொறையா எழுதி வச்சிருக்கையில நா உள்ள இருந்து எதுவும் ஆகிப்போச்சுன்னா? அதான் சத்தமில்லாமக் கதவச் சாத்திட்டு வந்துட்டேன். நல்லா ஒறங்குறா.”

இதை அவர் மெதுவாக, கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். பிறகு நான் கதவைத் திறந்தேன்.

இதுதான் நடந்தது. அவர் உள்ளே இருந்திருந்தால் மாலதி பிழைத்திருப்பாளா என்று என்னைக் கேட்காதே. வலிப்பு மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கியிருந்தால் யார் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. மூச்சுதான் அடைத்தது என்றால் அவர் கத்தியிருப்பார், நான் ஓடி வந்திருப்பேன். எது என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. குழுவுக்கு நீ எழுதும்போது எனக்காக இதைக் கூட்டி எழுத வேண்டாம்.

அந்த விதி என் கடிதத்திலிருந்து பிறந்தது. உன் பெயரில் அச்சானது. மாலதி அதைப் படித்துக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அக்காவுக்கு என் சொல்லைவிட உன் சொல் பெரியது என்பதும் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஐந்தாவது விதியை மட்டும் கேட்க வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. உனக்கு எழுதினேன், அவருக்குச் சொல்லவில்லை.

அல்போன்சாவுக்காக ரங்கசாமிக்கு ஒரு கடிதம் எழுது.

அஜீஸுன்னிசா


திண்டுக்கல்
5-7-1985

சிவனம்மாள்,

நேற்று எழுதியதைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் தபாலில் போட்டுவிட்டேன். இன்று நடந்ததை இதில் எழுதுகிறேன்.

பதினோரு மணி போல உன் அக்கா சின்னாளபட்டி பஸ்ஸில் தனியாக வந்தார். நோயாளிகள் போகும்வரை பெஞ்சில் காத்திருந்தார். பிறகு உள்ளே வந்து, உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஒண்ணு கேப்பேன், தட்டக் கூடாது டாக்டரம்மா. நானா எந்திரிச்சு வெளிய போனது எந் தங்கச்சிக்குத் தெரிய வேணாம். நர்ஸம்மா போகச் சொன்னதாவே இருக்கட்டும். நெசம் தெரிஞ்சா அது தாங்காது. அது எழுதினதுனாலதான் இப்பிடி ஆச்சுன்னு கெடந்து உருகிப் போயிரும்.”

அல்போன்சாவின் வேலை போய்விடும் என்றேன்.

அது அவருக்குத் தெரிந்திருந்தது. “அந்தப் புள்ளைக்கு வேற ஆஸ்பத்திரி கெடைக்கும். எந் தங்கச்சிக்கு வேற பேரு கெடைக்குமா?” என்றார்.

தபால் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும் என்பதை நீ அவரிடம் எப்போது காட்டுவாய், காட்டாமலே இருப்பாயா என்பதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ரங்கசாமிக்கு எழுத வேண்டியதை மட்டும் மாதக் கடைசிக்குள் எழுது.

போகும்போது வராந்தாவில் அந்தத் தாளின் முன்னால் நின்றார். இதில் எது தங்கச்சி பேரு என்று கேட்டார். மாலதி காட்டிய இடம் மறந்துவிட்டதாம். கீழேயிருந்து இரண்டாவது வரியைக் காட்டினேன். கண்ணாடியில் அந்த இடத்தில் புழுதி படிந்திருந்தது. முந்தானையால் அதை மட்டும் துடைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அஜீஸுன்னிசா